வீட்டுக் கூரையில் விளையும் மின்சாரமும் அதன் மிகுதியை விற்றலும்
(சேர்வராயன் மலைவாசிகளுக்குச் சில குறிப்புகள்)

சேலம் ஜில்லாவைச் சேர்ந்த சேர்வராயன் மலைத் தொடரில், கடல் மட்டத்திற்குச் சுமார் 5,000 அடி உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. 1820-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் காப்பிப் பயிரை இம்மலைக்குக் கொணர்ந்தார். அதுமுதல் காப்பியும், அதன் நிழல் மரங்களின்மேற் படரும் மிளகும், ஆரஞ்சு, பலா முதலிய பழ மரங்களும் இங்குள்ளோரின் ஜீவனத்துக்கு ஆதாரமாயிருந்து வருகின்றன. மலைக்கு மேற்கே 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்று, 1937-இல் அதன் நீரைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கினர். அக்காலம் முதல் மின்சாரம் என்பது வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் சரக்காகவே குடியானவர்களுக்கு இருந்து வந்தது. இப்பொழுதோ, அதே கம்பியின் வழியாக வீட்டிலிருந்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பி, அதற்கு ஈடு பெறுவதும் சாத்தியமாகியிருக்கிறது.

இதைக் குறித்துப் பலவிதமான பேச்சுகள் வழங்குகின்றன. கூரைமேல் தகடு பதித்தவுடன் மாதந்தோறும் பணம் கைக்கு வரும் என்பார் சிலர். மூடுபனி மிகுந்த மலையில் இது வீண் செலவே என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மையல்ல. யாருக்கு இது இலாபம், யாருக்கு நஷ்டம், மலையின் சீதோஷ்ணமும் மரச் செறிவும் இதற்கு எவ்வளவு அனுகூலம் என்பவற்றைக் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே முதல் போடுவது விவேகம்.

ஒளி மின்சாரமாகும் விதம்

சிலிக்கன் என்னும் பொருளாற் செய்த மெல்லிய வில்லைகளின்மீது சூரிய ஒளி படுங்கால், அவற்றினுள் மின்னோட்டம் உண்டாகிறது. ஒளியினால் மின்சாரம் பிறக்கும் இயல்பைப் பிரெஞ்சு விஞ்ஞானியான பெக்கரல் 1839-இல் கண்டறிந்தார். உபயோகத்திற்குத் தகுந்த சிலிக்கன் வில்லை அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிசாலையில் 1954-இல் செய்யப்பட்டது. இத்தகைய வில்லைகள் பலவற்றைத் தொடுத்துக் கண்ணாடியின் கீழ் அடைத்ததே சோலார் பேனல் எனப்படும் தகடு.

தகட்டிலிருந்து வெளிப்படுவது நேர் மின்னோட்டம். வீட்டு விளக்கும் மோட்டாரும் இயங்குவது மாறு மின்னோட்டத்தில். ஆகையால் இடையே இன்வர்ட்டர் என்னும் கருவி வைக்கப்படுகிறது. ஒரு கிலோவாட் சக்தியுள்ள தகடுகளைப் பதிக்கச் சுமார் 100 சதுர அடி வெயில் படும் இடம் வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு கிலோவாட் தகடு, வருஷ சராசரியில், நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும் என்று கொள்வது வழக்கம்.

மின்கட்டமைப்போடு இணைத்தல்

தகடு வைப்பதில் இருவகை உண்டு. பேட்டரியில் மின்சாரத்தைச் சேமித்து வைத்து உபயோகிப்பது ஒருவகை. பேட்டரி இல்லாமல், மின் பகிர்மானக் கழகத்தின் கம்பியோடு நேரே இணைத்துவிடுவது மற்றொரு வகை. மிகுதியை அனுப்பி ஈடு பெற விரும்புவோர்க்கு உரியது இரண்டாவது வகையாகும். பகலில் தகடு தரும் மின்சாரத்தை வீடு முதலில் எடுத்துக்கொள்ளும். எஞ்சியது கம்பி வழியே வெளியே சென்று அண்டை வீடுகளுக்குப் பயன்படும். இரவில் வழக்கம்போல் வெளியிலிருந்து மின்சாரம் உள்ளே வரும். இந்தப் போக்கையும் வரவையும் தனித்தனியே குறிக்க இருவழி மீட்டர் ஒன்று பொருத்தப்படுகிறது.

இங்கே ஒரு விஷயம் மிக முக்கியமானது. கம்பியில் மின்சாரம் தடைப்பட்டவுடன் இத்தகைய இன்வர்ட்டர் தானாகவே நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிருக்கு, வீட்டிலிருந்து வரும் மின்சாரத்தால் ஆபத்து நேராதிருக்கும்பொருட்டே இந்த ஏற்பாடு. எனவே நல்ல வெயில் காயும் பகலிலும், மின்தடை ஏற்பட்டால், பேட்டரி இல்லாத வீட்டில் விளக்கு எரியாது. மலையில் காற்றாலும் மழையாலும் மரம் முறிந்து கம்பியின்மேல் விழுவது அடிக்கடி நிகழ்வதாதலால், மின்தடைக்குப் பரிகாரம் தேடித் தகடு வைப்போர் இதனை முன்பே அறிந்திருத்தல் வேண்டும்.

"விற்பனை" என்பதன் பொருள்

மிகுதி மின்சாரத்திற்கு ஈடு கொடுக்கும் முறைகள் மூன்று.

முதலாவது, யூனிட்டுக்கு யூனிட் கழித்தல். வெளியே அனுப்பிய யூனிட்டை, உள்ளே வாங்கிய யூனிட்டிலிருந்து கழித்து, மீதிக்கு மாத்திரம் பில் போடுவது. அமெரிக்காவிலுள்ள மினசோட்டா இராஜ்யத்தில் 1983-இல் இது சட்டமாக்கப்பட்டது. இரண்டாவது, வாங்கிய யூனிட்டுக்கு வழக்கமான கட்டணமும், அனுப்பிய யூனிட்டுக்கு வேறொரு குறைந்த விலையும் வைத்து, ரூபாயிற் கழிப்பது. மூன்றாவது, விளையும் மின்சாரம் முழுவதையும் குறித்த விலைக்கு விற்றுவிடுவது.

தமிழ்நாட்டில் 2012-இல் சூரிய சக்திக் கொள்கை ஒன்று வெளியிடப்பட்டது. 2013-இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முதல் முறையை அனுமதித்தது. ஆயினும் வருஷம் முழுவதும் வீட்டில் செலவாகும் மின்சாரத்தில் 90 சதவிகிதத்திற்கு மேற்பட்ட விளைவுக்கு ஈடு இல்லை என்னும் வரம்பும் அப்போது விதிக்கப்பட்டது. 2019-இல் புதிய கொள்கை வந்தபொழுது இரண்டாவது முறை புகுத்தப்பட்டு, அனுப்பும் யூனிட்டுக்கு ரூ. 2.28 என்று விலை வைக்கப்பட்டது. வாங்கும் யூனிட்டுக்கு அதனினும் மிகுதியாகக் கட்டணம் செலுத்திய வீட்டாருக்கு இது ஏமாற்றமாயிற்று. பின்னர் 2021 அக்டோபரில் பிறந்த உத்தரவினால், வீட்டு உபயோகப் பிரிவினருக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறை மீண்டும் கிடைத்தது. வியாபாரப் பிரிவினர் முதலானோர்க்கு அவ்வாறில்லை.

இந்த வரலாற்றிலிருந்து தெளிய வேண்டுவன இரண்டு. முதலாவது, வீட்டுப் பிரிவினர்க்குக் கிடைக்கும் பெரும் பயன், கைக்கு வரும் ரொக்கமன்று. கையினின்று போகாத ரொக்கமே. இரண்டாவது, ஒன்பது ஆண்டுகளுக்குள் விதி மூன்று முறை மாறியிருக்கிறது. தகடோ இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கக் கூடியது. ஆகவே இன்றைய விதியை மட்டும் நம்பி அளவுக்கு மிஞ்சிய தகடுகளைப் பதிப்பது விவேகமாகாது. வீட்டுத் தேவையை ஒட்டி, அதற்குச் சற்றுக் குறைவாகவே பதித்தவர்களை விதி மாற்றம் அதிகம் பாதிப்பதில்லை.

வரவு செலவுக் கணக்கு

தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாகக் கட்டணம் உயரும். 2022 செப்டம்பரில் விதிக்கப்பட்ட விகிதங்கள் கீழே கணக்கிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அதன்பின் அவை ஓரளவு உயர்ந்திருப்பினும், கணக்கின் போக்கு மாறவில்லை.

இரண்டு மாதச் செலவு 500 யூனிட்டுக்கு உட்பட்டதாயின்: முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட் ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6.

500 யூனிட்டுக்கு மேற்பட்டதாயின்: முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6, 501 முதல் 600 வரை ரூ. 8, 601 முதல் 800 வரை ரூ. 9, அதற்குமேல் இன்னும் உயர்வு.

மலையின் பனியையும் மேகத்தையும் உத்தேசித்து, ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு 4 யூனிட் அன்றி 3½ யூனிட்டே தரும் என்று குறைத்து வைத்துக்கொள்வோம். அப்படியாயின் இரண்டு மாதத்திற்கு, அதாவது 60 நாட்களுக்கு, ஒரு கிலோவாட்டில் 210 யூனிட் கிடைக்கும். விலை கிலோவாட்டுக்கு ரூ. 65,000 என்றும், மத்திய சர்க்கார் மானியம் ரூ. 30,000 என்றும் கொள்க.

முதற் குடும்பம்: இரண்டு மாதத்திற்கு 700 யூனிட் செலவழிப்பது. தண்ணீர் சுட வைக்கும் கருவி, குளிர்பதனப் பெட்டி, நீரிறைக்கும் மோட்டார் முதலியன உள்ள வீடு. இப்போதைய பில்: 300 யூனிட்டுக்கு ரூ. 1,350, அடுத்த 100-க்கு ரூ. 600, அடுத்த 100-க்கு ரூ. 800, கடைசி 100-க்கு ரூ. 900, ஆக ரூ. 3,650. இவ்வீட்டில் 2 கிலோவாட் தகடு வைத்தால் 420 யூனிட் விளைந்து, கழிவு போக 280 யூனிட்டுக்கே பில் வரும். அது ரூ. 225-ம் ரூ. 360-ம் சேர்ந்து ரூ. 585 ஆகும். மிச்சம் ரூ. 3,065. வருஷத்திற்கு ரூ. 18,390. போட்ட முதல் மானியம் போக ரூ. 70,000. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும்.

இரண்டாம் குடும்பம்: 500 யூனிட் செலவழிப்பது. பில் ரூ. 1,725. ஒரு கிலோவாட் தகடு வைத்தால் 290 யூனிட்டுக்கு ரூ. 630 வரும். வருஷ மிச்சம் ரூ. 6,570. முதல் ரூ. 35,000 திரும்பச் சற்றேறக்குறைய ஐந்தரை ஆண்டுகள் ஆகும். இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. 500-ஐத் தாண்டிப் பத்து யூனிட் கூடினால், முந்திய படிகளின் விகிதமும் மாறுவதால், பில் ரூ. 2,030 ஆகிறது. பத்து யூனிட்டுக்கு ரூ. 305 அதிகம் செலுத்த நேர்கிறது. இந்த எல்லைக்கு அருகிலுள்ள வீடுகளுக்குச் சிறிய தகடும் பெரும் பயன் தரும்.

மூன்றாம் குடும்பம்: 200 யூனிட் செலவழிப்பது. நான்கைந்து விளக்கு, மின்விசிறி, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, மாவரைக்கும் கருவி ஆகியவை மட்டும் உள்ள வீடு. பில் ரூ. 225. ஒரு கிலோவாட் தகடு வைத்து 210 யூனிட் விளைவித்தால் பில் முழுவதும் நீங்கும். ஆனால் வருஷ மிச்சம் ரூ. 1,350 மாத்திரமே. முதல் ரூ. 35,000 திரும்ப ஏறக்குறைய 26 ஆண்டுகள் செல்லும். அதற்குள் தகட்டின் ஆயுளே முடிந்துவிடும். அதுவுமன்றி, விளைந்த 210 யூனிட்டில் 100 யூனிட், சர்க்கார் எவ்வாறும் இலவசமாகக் கொடுத்திருக்கக் கூடிய மின்சாரத்தை ஈடு செய்வதிலேயே போய்விடுகிறது. இலவசமாகக் கிடைப்பதைத் தம் பணத்தால் விளைவித்துக்கொள்வது எந்தக் குடியானவருக்கும் கட்டுப்படியாகாது.

நான்காம் குடும்பம்: 100 யூனிட்டுக்குள் செலவழிப்பது. மலைக் கிராமங்களிலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இத்தகைய வீடுகள் பல. இவர்களுக்குப் பில்லே இல்லை. ஆகவே மிச்சமும் இல்லை. "மானியம் கிடைக்கிறது, கடனும் கிடைக்கிறது" என்று எவரேனும் வற்புறுத்தினாலும், இவர்கள் கடன் பட்டுத் தகடு வைத்தல் தகாது.

மேற்கண்ட கணக்கில் சேர்க்கப்படாத செலவுகளும் உண்டு. 2021-ஆம் ஆண்டு உத்தரவில் வலையமைப்புக் கட்டணம் என்ற ஒன்று இடம்பெற்றுள்ளது. தத்தம் இணைப்புக்கும் தகட்டின் அளவுக்கும் அது உண்டா, எவ்வளவு என்பதைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிந்து கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்வர்ட்டரைத் தகட்டின் ஆயுட்காலத்தில் ஒருமுறையேனும் மாற்ற நேரிடலாம். தகட்டின் விளைவும் ஆண்டுக்குச் சுமார் அரைச் சதவிகிதம் குறைந்துகொண்டே வரும்.

மலையின் சீதோஷ்ண நிலை

மலையில் குளிர்ச்சி மிகுதியாதலால் தகடு சரிவர வேலை செய்யாது என்பது பலரது எண்ணம். இது தவறு. தகட்டுக்கு வேண்டுவது ஒளியே. வெப்பம் அதற்குப் பகை. வில்லையின் வெப்பம் ஒரு டிகிரி உயருந்தோறும் விளைவு ஏறக்குறைய 0.4 சதவிகிதம் குறையும். சேலத்துக் கூரையில் கொதிக்கும் தகட்டைவிட ஏற்காட்டில் ஒரு தகடு 15 டிகிரி குளிர்ந்திருக்குமாயின், அதே ஒளிக்கு 6 சதவிகிதம் கூடுதலாகவே விளையும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிந்திருக்கும் நாட்களில் மலைத் தகடு சமவெளித் தகட்டுக்குக் குறைந்ததாகாது.

குறை உண்டாவது மேகத்தாலும் மூடுபனியாலுமே. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழையும் இம்மலைக்கு உண்டு. மழைக் காலத்தில் தொடர்ந்து பல நாட்கள் வெயில் காணாதிருப்பதும், பனிக் காலத்தில் முற்பகல் வரை பனி விலகாதிருப்பதும் வழக்கம். ஆகையால் வியாபாரிகள் சமவெளிக்குச் சொல்லும் விளைவை மலைக்கும் அப்படியே சொல்வாராயின் அதனை ஏற்கலாகாது. பக்கத்துக் கூரையில் முன்பே தகடு வைத்திருப்பவர் உண்டாயின், அவருடைய ஓராண்டு பில்களைப் பார்ப்பதே சிறந்த அத்தாட்சி.

ஏற்காடு பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த இடத்தில் உள்ளது. ஆதலால் தகடுகளைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்த்துப் பதிப்பது பொருத்தம். சாய்வு இருப்பதால் மழைநீர் ஓடித் தூசியும் கழுவப்படும். முற்பகலில் பனி மிகுந்து பிற்பகலில் வெயில் அடிக்கும் சரிவுகளில், தெற்கிலிருந்து சற்று மேற்கே திருப்பி வைப்பதும் பயன் தரும்.

நிழல் மரங்களை வெட்டலாகாது

தகடுகள் ஒன்றோடொன்று சங்கிலி போல் தொடுக்கப்படுபவை. சங்கிலியில் ஒரு வளையம் பலவீனமானால் முழுச் சங்கிலியும் பலவீனமாவதுபோல், ஒரு தகட்டின்மேல் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலும் தொடர் முழுவதிலும் விளைவு குறையும். ஏற்காட்டு வீடுகளில் பெரும்பாலானவை சில்வர் ஓக் முதலிய உயர்ந்த மரங்களின் நடுவே இருப்பதால், "மரத்தை வெட்டிவிட்டால் போயிற்று" என்னும் எண்ணம் எளிதில் எழும்.

இது பெருந் தவறாகும். அராபிகா காப்பி நிழலை வேண்டும் பயிர். நிழல் மரம் போனால் செடி வெயிலில் வாடும். காப்பித் தண்டு துளைப்பான் என்னும் வண்டு வெயில் படும் செடிகளையே மிகுதியாகத் தாக்கும். மரத்தில் படர்ந்த மிளகும் போகும். சரிவில் மண் அரிப்பும் உண்டாகும். ஒரு மரத்தை வெட்டிச் சேமிக்கும் மின்சாரத்தைவிட, அம்மரம் மிளகாலும் நிழலாலும் காக்கும் செல்வம் பெரிது. மேலும் மலைப் பகுதிகளில் மரங்களைக் காக்க 1955-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அனுமதியின்றி வெட்டுவது குற்றமாக முடியலாம்.

நிழல் தவிர்க்க முடியாத இடங்களில், தகடு ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறு இன்வர்ட்டர் வைக்கும் முறை உண்டு. விலை சிறிது கூடுதலாயினும், ஒன்றின்மேல் விழும் நிழல் மற்றவற்றைப் பாதியாது. காலை ஒன்பது மணி முதல் மாலை மூன்று மணி வரை பெரும்பகுதி நிழலில் இருக்கும் கூரையில் தகடே வேண்டா. காப்பி உலர்த்தும் களத்தில் தகடு நிறுத்துவதும் கூடாது. அறுவடை முடிந்து கொட்டை உலரவேண்டிய காலமும், தகடு நன்றாக விளையும் காலமும் ஒன்றே. ஒரே வெயிலை இரண்டிற்கும் கொடுக்க இயலாது. கிடங்கு, மாட்டுக் கொட்டகை, காப்பி கூழ் நீக்கும் இயந்திரம் உள்ள கொட்டகை ஆகியவற்றின் கூரைகள் இதற்கு ஏற்றவை.

பழைய ஓட்டுக் கூரைகளும் கல்நார்த் தகட்டுக் கூரைகளும் பாரம் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மலையின் காற்று வேகத்திற்கு ஈடாகச் சட்டங்கள் உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும். இடி மின்னல் மிகுந்த இடமாதலால் இடிதாங்கியும், நல்ல பூமி இணைப்பும் இன்றியமையாதவை. பாறை நிலத்தில் பூமி இணைப்பு எளிதில் அமையாது. குழி ஆழமாகத் தோண்டி, ஈரம் நிற்கும் இடம் பார்த்து அமைத்து, அளந்து காட்டச் சொல்ல வேண்டும். குரங்குகள் கம்பிகளை இழுத்துச் சேதப்படுத்தாதிருக்க, வயர்களைக் குழாயினுள் செலுத்துவது நலம்.

கிணற்று மோட்டாரும் பிற இடங்களின் அனுபவமும்

தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். ஆகவே அவ்விணைப்புகளில் கழிப்பதற்குப் பில் இல்லை. வீட்டுக்கு ஏற்ற முறை கிணற்றுக்குப் பொருந்தாததன் காரணம் இதுவே. நீரிறைத்து எஞ்சிய மின்சாரத்திற்கு ரொக்கமாக விலை கிடைத்தாலன்றிக் குடியானவருக்கு அதில் நாட்டம் ஏற்படாது. 2019-இல் தொடங்கிய பி.எம்.குசும் என்னும் மத்திய சர்க்கார் திட்டம் இதனை உத்தேசித்தே, கம்பியோடு இணைந்த பம்புசெட்டுகளுக்குத் தகடு அமைப்பதையும் ஒரு பகுதியாகச் சேர்த்துள்ளது.

குஜராத்தில் கேடா ஜில்லாவிலுள்ள துண்டி என்னும் கிராமத்தில், 2016-இல் குடியானவர் அறுவர் கூடிச் சூரிய சக்தி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். முன்பு டீசல் எஞ்சினால் நீரிறைத்தவர்கள் அவர்கள். பாசனத்திற்குப் போக எஞ்சிய மின்சாரத்தை யூனிட் ரூ. 4.63 வீதம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மின்சாரக் கம்பெனிக்கு விற்க உடன்படிக்கை செய்துகொண்டனர். நீரை வீணே இறைத்தால் விற்பனை குறையுமாதலால், நிலத்தடி நீரைக் காப்பதிலும் அவர்களுக்கு அக்கறை பிறந்தது. 2018-இல் அம்மாநில சர்க்கார் இதனை விரிவாக்கி, முதல் ஏழு ஆண்டுகளுக்கு யூனிட் ரூ. 7-ம், அதன்பின் ரூ. 3.50-ம் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது.

தமிழ்நாட்டிலேயே, மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006-இல் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, ஊரின் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்திற்கு விற்று வருமானம் பெற்றது. தனி மனிதருக்கு இயலாததைக் கூட்டு முயற்சி சாதிக்கும் என்பதற்கு இது சான்று. இலங்கையில் 2016-இல் தொடங்கிய திட்டத்தில், கூரை மின்சாரத்திற்கு முதல் ஏழு ஆண்டுகள் யூனிட்டுக்கு 22 இலங்கை ரூபாயும், பின்னர் 15.50 ரூபாயும் என இருபது ஆண்டுக்கு விலை குறிக்கப்பட்டது. ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருபது ஆண்டுகளுக்கு விலையை உறுதி செய்ததனால் ஆயிரக்கணக்கான பண்ணைக் கூரைகளில் தகடுகள் ஏறின. விலை உயர்ந்ததாயிருப்பதைக் காட்டிலும், அது நெடுநாள் மாறாதென்ற உறுதியே மக்களை முதல் போடத் தூண்டுகிறது என்பது இவற்றால் விளங்கும்.

மானியமும் மனுச் செய்யும் முறையும்

2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் பி.எம். சூர்ய கர் என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஒரு கோடி வீடுகளுக்குக் கூரைத் தகடு அமைப்பது இதன் நோக்கம். 2026-27 நிதியாண்டு வரை நடைபெறுமாறு இது வகுக்கப்பட்டது. மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ. 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ. 18,000, எவ்வளவு பெரிய அமைப்பாயினும் மொத்தம் ரூ. 78,000-க்கு மேல் இல்லை. மானியம் பெற விரும்புவோர் இந்தியாவில் செய்த தகடுகளையே வைக்க வேண்டும்.

மனுவைத் தேசிய இணையதளத்தின் வழியே அனுப்ப வேண்டும். மின் இணைப்பு எண், கடைசி பில், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தேவை. இணைப்பு மனுதாரர் பெயரிலேயே இருக்க வேண்டும். பாட்டனார் பெயரில் இணைப்பு உள்ள வீடுகளில் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துக்கொள்வது நலம். 2024-இல் திருத்தப்பட்ட விதிப்படி, 10 கிலோவாட் வரையுள்ள மனுக்கள் தனியான சாத்தியக்கூறு ஆய்வு இன்றியே ஏற்கப்பட வேண்டும். பதிவு பெற்ற வியாபாரியைக் கொண்டு தகடுகளைப் பதித்தபின், அதிகாரிகள் பார்வையிட்டு இருவழி மீட்டரைப் பொருத்துவர். அதன் பின்னரே மானியம் மனுதாரரின் வங்கிக் கணக்கில் சேரும். ஆதலால் முழுத் தொகைக்கும் முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும். மானியத்தைத் தாமே வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை.

வீட்டைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவோர், தங்கள் இணைப்பு எந்தப் பிரிவில் உள்ளது என்று முதலில் தெளிய வேண்டும். பிரிவு மாறினால் ஈடு கொடுக்கும் முறையும் மாறும். மேற்கண்ட கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

பராமரிப்பு

தகட்டுக்கு உரமும் வேண்டா, நீர் பாய்ச்சலும் வேண்டா. ஆயினும் கவனிப்பின்றி விடலாகாது. சமவெளியில் தூசி எப்படியோ, மலையில் பாசியும், சருகும், பறவை எச்சமும் அப்படி. மாதம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், வெறுந் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்தல் போதும். கடினமான புருசும் சோப்பும் ஆகா. ஆண்டுக்கொருமுறை, மழைக்கு முன், சட்டங்களின் ஆணிகளையும் பூமி இணைப்பையும் சோதிக்க வேண்டும். மேலே வளர்ந்துவரும் கிளைகளை, நிழல் ஒழுங்கு செய்யும் பருவத்தில் மற்ற மரங்களோடு சேர்த்துக் கவாத்துச் செய்துவிடலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கணக்கு எழுதுதல். இன்வர்ட்டரில் காட்டும் விளைவையும், மீட்டரில் காணும் போக்கு வரவையும், வாரம் ஒருமுறை நோட்டில் குறித்து வைத்தால், பில்லில் பிழை இருப்பினும், தகட்டில் பழுது இருப்பினும் உடனே தெரியவரும். கம்பியின் கோடியிலுள்ள வீடுகளில் மின் அழுத்தம் கூடி இன்வர்ட்டர் அடிக்கடி நின்றுபோவதுண்டு. இதுவும் இக்குறிப்பால் வெளிப்படும். அப்போது குறிப்பேட்டைக் காட்டிப் பிரிவு அலுவலகத்தில் பரிகாரம் கேட்கலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றின் சாரம் வருமாறு. இரண்டு மாதத்திற்கு 500 யூனிட்டும் அதற்குமேலும் செலவழிக்கும், நிழலற்ற கூரையுள்ள வீட்டினருக்கு இது நல்ல முதலீடு. 200 யூனிட்டுக்கு உட்பட்டோருக்கு இன்றைய நிலையில் இலாபமில்லை. மிகுதியை விற்றுப் பணம் சேர்ப்பதற்கென்றே பெரிய அமைப்பை வைப்பது, விதிகள் மாறுந்தன்மையால், ஆபத்தானது. மலைக்கு உரிய குறைந்த விளைவையே கணக்கிற் கொள்ள வேண்டும். வெயிலுக்காக நிழல் மரத்தை வெட்டுதல் எவ்வாற்றானும் கூடாது.

கடந்த ஆறு பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே காட்டிய முறையில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்குக் கணக்கிட்டுப் பார்ப்பாராக. அரைமணி நேரத்தில் முடியும் அக்கணக்கு, எழுபதாயிரம் ரூபாயைப் போடுவதா, வேண்டாவா என்பதை எந்த வியாபாரியைக் காட்டிலும் தெளிவாக எடுத்துரைக்கும்.